ஐஎஸ்டிஎன் லைனில் ஒலிபரப்பு: எந்தச் சத்தம், எந்தப் பழுது?

மும்பை செம்பூரில் உள்ள எங்கள் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வெளிநாட்டுத் தமிழ் வானொலிகளுக்குச் செய்தியும் பேட்டியும் பல வருடம் ஐஎஸ்டிஎன் (ISDN) என்ற டிஜிட்டல் டெலிபோன் லைனில்தான் போயின. அந்த லைனை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இது உதவட்டும்.

சாதாரண இணைப்பில் குரலையோ டேட்டாவையோ சுமக்கும் 64 கிலோபிட் பி சேனல் இரண்டும், அழைப்பை ஏற்படுத்தும் 16 கிலோபிட் டி சேனல் ஒன்றும் வரும். ஒரே பி சேனலில் ஜி.722 என்ற ஒலிச்சுருக்க முறையை வைத்தாலே 7 கிலோஹெர்ட்ஸ் வரை குரல் போகும். வழக்கமான போன் 3.4-லேயே நின்றுவிடும். தாமதமும் மிகக் குறைவு. பேட்டியில் ஒருவர் பேச்சில் இன்னொருவர் மோதாமல் பேசலாம். இதற்காகவே எனக்கு இந்த லைன் பிடிக்கும்.

சத்தம் கெட்டால் எல்லாரும் முதலில் லைனைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் அது நியாயமில்லை. லைனில் போவது வெறும் பிட்டுகள், அதில் ஹம் புக வழியே கிடையாது. ஹம் கேட்டால் மைக், மிக்சர், எர்த் பக்கம் தேடுங்கள். உங்கள் குரலே தாமதமாக ஹெட்போனில் திரும்பி வருகிறதா? எதிர்முனையில் உங்கள் குரலை நீக்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். இங்கே எதைத் திருகினாலும் தீராது, அவர்களிடம்தான் சொல்ல வேண்டும்.

எங்களை அதிகம் படுத்தியது 'டிக் டிக்' சத்தம். கோடெக், அதாவது ஒலியைப் பிட்டுகளாக்கி லைனில் அனுப்பும் பெட்டி, டெலிபோன் நெட்வொர்க்கின் கிளாக்கை (நேரத் துடிப்பை) பிடித்து ஓடும், மிக்சர் தன் சொந்தக் கிளாக்கில் ஓடும். இரண்டையும் டிஜிட்டல் கேபிளில் இணைத்தால், 10 லட்சத்தில் 10 பங்கு வித்தியாசமே போதும். 48 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒரு சாம்பிள் (ஒலியின் ஒரு துளி அளவு) பிசகும். அனலாக் கேபிளுக்கு மாற்றிப் பாருங்கள். டிக் நின்றுவிட்டால் கிளாக்தான் காரணம். அப்புறம் மிக்சரை கோடெக்கின் கிளாக்குக்கு அடங்கி ஓட வையுங்கள்.

மழைக்காலத்துச் சத்தம் வேறு மாதிரி. எந்தச் சீரும் இருக்காது; சொல் பாதியில் அறுந்து மறுபடி ஒட்டும். தெருப் பெட்டியில் தண்ணீர் இறங்கி ஜாயின்ட் கெட்டிருக்கும். லைன்மேனோ, "போன் பேச முடிகிறதே" என்பார். எங்களிடம் கோடெக் இரண்டு இருந்ததால், முதல் சேனலிலிருந்து அதே லைனின் இரண்டாவது சேனலுக்கு அழைத்து ஒரு பாட்டை ஓடவிட்டு அவரையே கேட்க வைத்தோம். மிக்சரும் வெளிநாடும் இல்லாத அந்த அழைப்பிலும் பாட்டு அறுந்ததால், பேச்சுக்கு இடமில்லாமல் ஜாயின்ட்டைத் திறந்தார்கள்.

அமெரிக்க அழைப்புகளில் குரலே இல்லாமல் மணல் கொட்டுவது போல இரைச்சல் மட்டும் வரும். அழைப்பு 'குரல்' வகையில் போயிருந்தால் அப்படித்தான். போன் குரலை எண்ணாக்கும் முறை நம் பக்கம் ஏ-லா, அவர்கள் பக்கம் மியூ-லா. நடுவில் ஒவ்வொரு பைட்டையும் மாற்றிவிடுவதால் ஜி.722 சிதறிப்போகும். 64 கிலோபிட் டேட்டா அழைப்பாகப் போடுங்கள், முடியாவிட்டால் இரு முனையிலும் 56 வைத்துப் பாருங்கள்.

பிரிட்டனில் பிடி (BT) என்ற தொலைபேசி நிறுவனம் ஐஎஸ்டிஎன் உட்பட பழைய தொலைபேசி நெட்வொர்க்கை 2027 ஜனவரியில் மூட இருக்கிறது. அதனால் பழைய கோடெக்கில் புதிதாகப் பணம் போட வேண்டாம் என்பேன். நாங்களும் பெரும்பாலும் இணையக் கோடெக்குக்கு மாறிவிட்டோம். தாமதம் கொஞ்சம் கூடியது, லைன்மேனுக்குக் காத்திருப்பது போனது. வாங்கும்போது சாம்பிள் ரேட்டைத் தானே பொருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், அந்த டிக் சத்தம் அங்கேயும் வரும்.