சொல்லிவிட்டு விலகுவதா, சட்டென்று நிறுத்துவதா?

கிருஷ்ணகிரியில் எங்கள் கபடி அணி அண்ணன் ஒருவர் முழங்கால் வலியோடு இன்னும் ஆடுகிறார். அவரைப் பார்த்தால் இரண்டு பேஸ்பால் வீரர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

டெரிக் ஜீட்டர் 2014 தொடக்கத்திலேயே, இதுதான் கடைசி சீசன் என்று அறிவித்துவிட்டார். போன ஊரெல்லாம் மரியாதை. சொந்த மைதானமான நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ஆடிய கடைசி ஆட்டத்தில் வெற்றி ரன்னுக்கான அடியும் அவருடையதே. வயது 40.

பந்துவீச்சாளர் சாண்டி கூஃபாக்ஸ் வேறு மாதிரி. 1966 சீசனில் 27 வெற்றிகள், சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது. ஆனால் முழங்கையில் மூட்டுவாதம். ஊசி, மாத்திரையோடுதான் வீசினார். அந்த நவம்பரில், வெறும் 30 வயதில் நிறுத்திக்கொண்டார். விளையாட்டுக்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறது, அதற்கு உடம்பு வேண்டும் என்றார்.

ஜீட்டர் வழியில் ரசிகர்களுக்கு நிறைவு. சரி, அதற்கு உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே! எனக்குக் கூஃபாக்ஸின் முடிவுதான் பெரிது. அண்ணா, மாங்காய் சீசனில் தோப்பு முழுக்க நடக்க அந்தக் கால் வேண்டும்.