சேஞ்ச்லாக்கில் ‘அன்ரிலீஸ்டு’: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

வெர்ஷன் எண்ணை எப்போது ஏற்றுவது? ரிலீஸ் செய்யும்போது, மெயின் பிராஞ்சில் (கோடின் முதன்மைக் கிளையில்), தனி கமிட்டாக (தனியே பதிந்த மாற்றமாக). ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்று பட்டியலிடும் கோப்பான சேஞ்ச்லாக்கின் வரி அதுவரை காத்திருக்கக் கூடாது. கோட் மாறும் அதே புல் ரிக்வெஸ்டில் (பிராஞ்சை மெயினில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) ‘அன்ரிலீஸ்டு’ (இன்னும் வெளியாகாதவை) தலைப்பின் கீழ் ஏறிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால் கமிட் மெசேஜ்களைக் கிளறி ஊகிப்பதுதான் மிச்சம்.

எண்ணையும் பிராஞ்சிலேயே ஏற்றினால் என்ன? 2.3.1-லிருந்து பிரிந்த இரண்டு பிராஞ்சுகளும் 2.3.2 என்று போட்டால், ஒரே வரியில் ஒரே மாற்றம் என்பதால் கோட் மாற்றங்களைக் கண்காணிக்கும் கருவியான கிட் மூச்சுவிடாமல் மெர்ஜ் செய்துவிடும் (இணைத்துவிடும்). இரண்டு திருத்தங்களுக்கு ஒரே எண். கான்ஃப்ளிக்ட் (இரு மாற்றங்களின் மோதல்) வந்தாலாவது கண்ணில் படும்.

இனி, தீராத எரிச்சல். 2.4.0 ரிலீஸில் ‘அன்ரிலீஸ்டு’ வரிகளுக்கு மேலே 2.4.0 தலைப்பைச் செருகுகிறோம். அதற்கு முன்பே பிரிந்த பிராஞ்ச் ஒன்று, ஏற்கெனவே இருந்த ‘ஃபிக்ஸ்டு’ (திருத்திய பிழைகள்) பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கும். ரிலீஸுக்குப் பின் மெர்ஜ் செய்தால் கான்ஃப்ளிக்டே வராது. வரி சத்தமில்லாமல் 2.4.0-இன் கீழ் போய் உட்காரும். வெளியான பதிப்பில் இல்லாத திருத்தத்தை இருப்பதாகச் சொல்லும் சேஞ்ச்லாக்! கான்ஃப்ளிக்ட் தொல்லைக்காக கிட் அட்ரிபியூட்ஸில் (கிட்டின் அமைப்புக் கோப்பில்) யூனியன் மெர்ஜ் (இரு பக்க வரிகளையும் வைத்துக்கொள்ளும் முறை) போட்டாலும் இது தீராது. அடுத்த ரிலீஸுக்கு முன் பழைய டேகோடு (வெளியான பதிப்பின் கமிட்டுக்கு இட்ட அடையாளத்தோடு) சேஞ்ச்லாக்கை டிஃப் செய்து (ஒப்பிட்டு), பழைய தலைப்புகளின் கீழ் புது வரி முளைத்திருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி.

டவுன்கிரையர் போன்ற கருவிகளில் இந்தச் சிக்கல் கிடையாது. மாற்றத்துக்கு ஒரு சிறு கோப்பு. பெயரிலேயே இஷ்யூ (பதிவான பிரச்சினை) எண்ணும் வகையும் இருக்கும். ரிலீஸில் அவற்றைத் திரட்டிச் சேஞ்ச்லாக்கில் சேர்த்துவிட்டுக் கோப்புகளை நீக்கிவிடும். கோப்பு வைக்க மறந்த பிராஞ்சைப் பிடிக்கும் சோதனையும் உண்டு. குறை சொல்ல இடமில்லை.

ரிலீஸ் கமிட்டில் எண்ணை முடிவுசெய்வது சேர்ந்தவற்றில் பெரிய மாற்றம்தான். பத்து பிழைத்திருத்தத்தோடு ஒரு புது வசதி இருந்தாலும் 2.3.1 அடுத்து 2.4.0, கடைசி எண் பூஜ்யமாகும். டேக் அந்தக் கமிட்டில்தான் விழ வேண்டும். என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை வெளியிடும் தளத்தில்) ஒருமுறை வெளியிட்ட எண்ணை, நீக்கினாலும் திரும்பப் பயன்படுத்த முடியாது. ரிலீஸ் தப்பாகிப்போனால் 2.4.1.

இவ்வளவு திட்டிய பிறகும், நாலைந்து பேர் வேலை செய்யும் ப்ராஜெக்ட்டுக்கு ‘அன்ரிலீஸ்டு’தான் என் தேர்வு. அடுத்து என்ன வரப்போகிறது என்பது ஒரே கோப்பில், திறந்ததும் முதல் திரையிலேயே தெரிகிறது.