பீட்டில்ஸ், ஹாலிவுட் பவுல் கச்சேரி ஆல்பம்: அலறலையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்

அறுபதுகளின் இங்கிலாந்து ராக் குழுவான பீட்டில்ஸ் மேடையில் எப்படி இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது 2016-இல் வந்த 'லைவ் அட் த ஹாலிவுட் பவுல்' ஆல்பத்தைத்தான். ஸ்டூடியோவில் ஒட்டி, வெட்டி, அடுக்கிச் செய்த பீட்டில்ஸ் நமக்கு நிறையவே இருக்கிறது. நாலு பேர் மேடையேறி, இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம் செட்டோடு அரை மணி நேரம் ராக் அண்ட் ரோல் வாசித்துவிட்டு ஓடிப்போன அந்த இன்னொரு பீட்டில்ஸைக் கேட்க வேண்டுமென்றால் அவர்கள் தரப்பிலிருந்தே முறையாக வெளிவந்தது கிட்டத்தட்ட இது ஒன்றுதான்.

ஆனால் இதை வாங்கிக் கேட்டுவிட்டு "கூட்டத்தின் சத்தம் தாங்கவில்லை, பாட்டே கேட்கவில்லை" என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பெரிய சண்டை உண்டு. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஹாலிவுட் பவுல் என்பது லாஸ் ஏஞ்சலஸில் மலைச்சரிவை ஒட்டி இருக்கும் திறந்தவெளி அரங்கம். அங்கே பீட்டில்ஸ் மூன்று முறை வாசித்தார்கள்: 1964 ஆகஸ்ட் 23, அப்புறம் 1965 ஆகஸ்ட் 29, 30. மூன்றையும் அவர்களுடைய அமெரிக்க ரெக்கார்டு நிறுவனமான கேப்பிட்டல் பதிவு செய்தது, வெறும் மூன்று டிராக், அதாவது மூன்றே தனித்தனி ஒலித்தடங்கள் கொண்ட டேப்பில். பாடுகிறவர் மைக்கிலும் கூட்டம், கிட்டார் மைக்கிலும் கூட்டம், டிரம் மைக்கிலும் கூட்டம். கேட்டுப் பார்த்துவிட்டு இது வெளியிடுகிற தரத்தில் இல்லை என்று அப்போதே எடுத்து வைத்துவிட்டார்கள். 1965-இல் ஒரு நாள் மைக் வேறு சரியாக வேலை செய்யவில்லை. குழு பிரிந்து ஏழு வருஷம் கழித்து, 1977-இல், அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் அந்த டேப்புகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். பழைய மூன்று டிராக் மெஷினைத் தேடிப்பிடித்தால் அது ஓட ஓட சூடேறுகிறது, அதைக் குளிர்விக்க வேக்யூம் கிளீனரைத் திருப்பி வைத்துக் காற்றடித்து வேலையை முடித்தார்களாம். அப்படி வந்த எல்.பி. இசைத்தட்டு இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போனது. அதற்குப் பிறகு அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மற்ற ஆல்பங்கள் எல்லாம் சி.டி.யாக வந்தபோதும் இது வரவில்லை. 2016 செப்டம்பரில்தான் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் சாம் ஒகெல்லும் லண்டனின் ஆபி ரோடு ஸ்டூடியோவில் டேப்பிலிருந்தே மறுபடி மிக்ஸ் செய்து கொண்டுவந்தார்கள். ஜார்ஜ் மார்ட்டின் அந்த வருஷம் மார்ச்சில்தான் இறந்துபோனார்.

1977 எல்.பி.யில் 13 பாட்டு. புதியதில் நாலு கூடுதல், மொத்தம் 17. பழையதைக் கேட்டவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். ஆபி ரோட்டில் ஜேம்ஸ் கிளார்க் என்பவர் எழுதிய மென்பொருளை வைத்து, ஒரே டிராக்கில் பின்னிக் கிடந்த சத்தங்களைப் பிரித்திருக்கிறார்கள். அதனால் பழைய எல்.பி.யில் எங்கோ தூரத்தில் கேட்ட ரிங்கோவின் டிரம்ஸ் இப்போது முன்னால் வந்து நிற்கிறது. பால் மெக்கார்ட்னியின் பேஸ் ஒவ்வொரு சுரமாகக் கேட்கிறது. கூட்டம் ஒரு படி பின்னால் போயிருக்கிறது, ஆனால் போய்விடவில்லை. ஜைல்ஸ் மார்ட்டின் நினைத்திருந்தால் இன்னும் கூடத் துடைத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. துடைக்காமல் விட்டதற்கு அவருக்கு ஒரு கும்பிடு.

இப்போது சண்டைக்கு வருகிறேன். பீட்டில்ஸ் கச்சேரிகளைப் பற்றி எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு: பெண் பிள்ளைகள் அலறிக்கொண்டே இருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை, பாட்டைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, வெறும் பைத்தியம். இந்த ஆல்பத்தைக் காது கொடுத்துக் கேட்டால் இந்தக் கதையில் பாதி பொய் என்று தெரிந்துவிடும். அலறல் ஒரே சீராக இல்லை. அது ஏறுகிறது, இறங்குகிறது, அதுவும் சரியான இடத்தில். 'ஷி லவ்ஸ் யூ' பாட்டில் தலையை உலுக்கிக்கொண்டு "ஊ" என்று இழுக்கும் இடம் வரும்போதெல்லாம் கூட்டம் ஒரு கட்டை மேலே போகிறது. 'பாய்ஸ்' பாடப்போவது ரிங்கோ என்று பெயரைச் சொன்னதும் கிளம்பும் சத்தத்தைக் கேளுங்கள், பின்னால் டிரம்முக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு இத்தனை ஆசையா என்று இருக்கும். 'திங்ஸ் வி செட் டுடே' கொஞ்சம் சோகமான மெட்டு, நடுவில் கிட்டார் திடீரென்று முறுக்கேறும். அந்தத் திருப்பத்தைக் கூட்டம் பிடித்துக்கொள்கிறது. பாட்டு காதில் விழாதவர்கள் இப்படிச் சரியான இடத்தில் அலற முடியாது. வீட்டில் அந்த ரெக்கார்டுகளைத் தேயத் தேயக் கேட்டு, எந்த வரிக்குப் பின்னால் என்ன வரும் என்று மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் அவர்கள். திருவிழாக் கூட்டத்தில் உற்சவர் திரும்பும் மூலை எது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருப்பது மாதிரி.

உண்மையில் ஒன்றும் கேட்காமல் தவித்தவர்கள் மேடையில் இருந்தவர்கள்தான். இன்று மேடையில் பாடுகிறவர் காலடியில் அவர் குரலை அவருக்கே திருப்பித் தரும் மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கிறதே, அது அவர்களிடம் கிடையாது. கையில் இருந்த வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர்கள் அத்தனை ஆயிரம் பேரை மீறிக் கேட்கும் அளவுக்குப் பெரியவையும் இல்லை. முன்னால் நிற்கிற மூன்று பேரின் முதுகும் தலையும் ஆடுவதைப் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பேன் என்று ரிங்கோ சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு 'லாங் டால் சாலி' கேட்டுப் பாருங்கள். தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காத பால் மெக்கார்ட்னி அந்த உச்சத்தில் சுருதி தப்பாமல் கத்திப் பாடுகிறார், டிரம்ஸ் பின்னால் இம்மி பிசகாமல் ஓடுகிறது. புகழ் பெறுவதற்கு முன்னால் ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புகளில் ராத்திரி ராத்திரியாக மணிக்கணக்கில் வாசித்துப் பழகிய கை இல்லாமல் இது நடக்காது.

பாட்டுத் தேர்வும் அந்தப் பழைய நாட்களைத்தான் காட்டுகிறது. 'ரோல் ஓவர் பீத்தோவன்' சக் பெர்ரியுடையது, 'லாங் டால் சாலி' லிட்டில் ரிச்சர்டுடையது, 'டிஸி மிஸ் லிஸி' லேரி வில்லியம்ஸ், 'பாய்ஸ்' ஷிரெல்ஸ் குழு, கூடுதல் பாட்டுகளில் ஒன்று கார்ல் பெர்கின்ஸ். லிவர்பூல் பையன்கள் அமெரிக்காவிலிருந்து வந்த ரெக்கார்டுகளைக் கேட்டுக் கற்றுக்கொண்ட பாட்டை அமெரிக்காவுக்கே கொண்டுபோய் வாசிக்கிறார்கள், அதில் கறுப்பினக் கலைஞர்கள் பாடியவை எத்தனை என்பதையும் கவனிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது 'டிஸி மிஸ் லிஸி'. ஸ்டூடியோ பதிவை விட இதில் ஜான் லெனனின் குரலில் கரகரப்பும் வெறியும் கூடுதல். பாட்டுக்கு இடையில் அவர் பேசுவதையும் தவறவிடாதீர்கள், 'ஹெல்ப்' பாட்டை அறிமுகப்படுத்தும்போது இது எங்கள் புது ரெக்கார்டு, அல்லது நீங்கள் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து எங்கள் புது மின்சார இரைச்சல் என்கிற மாதிரி ஏதோ சொல்வார். பெரியவர்கள் அப்போது என்ன திட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அதிலேயே தெரிகிறது.

இந்த ஆல்பத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ரான் ஹோவர்ட் எடுத்த 'எயிட் டேஸ் எ வீக்' ஆவணப்படம், அதே 2016-இல் அதே மாதம் வந்தது. அதில் அன்று கூட்டத்தில் நின்றவர்கள் வயதான பிறகு பேசுகிறார்கள், அதுதான் எனக்கு ஆல்பத்தின் கதவைத் திறந்துவிட்டது. நடிகை சிகோர்னி வீவர் 1964-இல் இதே ஹாலிவுட் பவுல் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண். அன்றைய படச்சுருளில் அவர் முகத்தையே கண்டுபிடித்துக் காட்டுகிறார்கள். நாம் ஆல்பத்தில் கேட்கும் அந்தச் சத்தத்துக்குள் அவர் குரலும் இருக்கிறது! வூப்பி கோல்ட்பெர்க் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்துக்கு 1965-இல் தன் அம்மா எதிர்பாராமல் கூட்டிப்போனதைச் சொல்கிறார், 55,000 பேருக்கு மேல் கூடிய கச்சேரி அது. அவர் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது.

எல்லாவற்றையும் விட கிட்டி ஆலிவர் என்ற வரலாற்றாசிரியர் பேசுவதுதான் என்னை உலுக்கியது. ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 1964 செப்டம்பர் 11 அன்று கேட்டர் பவுல் அரங்கில் கச்சேரி. வெள்ளையர்களுக்குத் தனி இடம், கறுப்பர்களுக்குத் தனி இடம் என்றால் நாங்கள் வாசிக்க மாட்டோம் என்று பீட்டில்ஸ் சொல்லிவிட்டார்கள். ஆலிவர் அப்போது பள்ளி வயதுக் கறுப்பினப் பெண், சுற்றிலும் வெள்ளைக்காரக் கூட்டம், பக்கத்தில் பக்கத்தில் நின்று எல்லோரோடும் சேர்ந்து கத்தியிருக்கிறார். அந்த ஊரில் அப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவே நிற்பதே அவருக்குப் புதிது. அதைக் கேட்ட பிறகும் "அலறலைக் குறைத்திருக்கலாம்" என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

சரி, குறைகள். பெரிய குறை, இது ஒரு முழுக் கச்சேரி இல்லை. மூன்று இரவுகளிலிருந்து பொறுக்கி, 1964-ஐயும் 1965-ஐயும் முன்னும் பின்னுமாகக் கலந்து வைத்திருக்கிறார்கள். 1977-இல் எல்.பி.யின் இரண்டு பக்கத்துக்குள் அடக்க வேண்டிய கட்டாயம் இருந்தது, புரிகிறது. 2016-இல் அந்தக் கட்டாயம் எங்கே இருக்கிறது? குறைந்தபட்சம் 1964 கச்சேரியையாவது வாசித்த வரிசையிலேயே முழுதாகக் கொடுத்திருக்கலாம். நாலு கூடுதல் பாட்டையும் கடைசியில் கொண்டுபோய்ச் செருகியது இன்னும் மோசம். பால், இதுதான் கடைசிப் பாட்டு, நிகழ்ச்சி பிடித்திருந்ததா என்று கூட்டத்தைக் கேட்டு 'லாங் டால் சாலி'யோடு முடித்துவிடுகிறார். அதற்குப் பிறகு நாலு பாட்டு வருகிறது, கச்சேரி முடிந்த உணர்வே கெட்டுப்போகிறது. நான் அந்த நாலையும் தனியாக, வேறொரு நேரத்தில்தான் கேட்கிறேன். அவற்றில் ஒன்றான 'பேபிஸ் இன் பிளாக்' 1996-இலேயே ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் வந்துவிட்டதால் அதில் புதுமையும் இல்லை.

ஆவணப்படம் பற்றியும் ஒரு வருத்தம் உண்டு. தியேட்டரில் ஓடியபோது படம் முடிந்ததும் ஷே ஸ்டேடியம் கச்சேரியை அரை மணி நேரம் போட்டார்கள், டிஸ்க்கில் அது இல்லை. அதற்காகவே டிஸ்க் வாங்க நினைப்பவர்கள் ஏமாற வேண்டாம்.

எந்த வடிவில் வாங்குவது? எல்.பி. என்றால் இறக்குமதி விலை கையைக் கடிக்கும், ஆனால் கச்சேரிப் பதிவை ஸ்பீக்கரில் கேட்பதற்கு அதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. சி.டி. வாங்கினால் 24 பக்கச் சிறு புத்தகம் கூட வருகிறது, இசைப் பத்திரிகையாளர் டேவிட் ஃப்ரிக் எழுதிய கட்டுரை படிக்க வேண்டியது. அட்டைப் படம் 1964 ஆகஸ்ட் 22 அன்று சியாட்டிலில் விமானம் ஏறும்போது அவர்களுடைய அமெரிக்கச் சுற்றுப்பயண மேலாளர் பாப் போனிஸ் எடுத்தது, முதல் ஹாலிவுட் பவுல் கச்சேரிக்கு முந்தைய நாள். செலவு செய்யுமுன் ஸ்ட்ரீமிங்கில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். ஹெட்ஃபோனில் அலறல் நேராக மண்டைக்குள் இறங்கும், அதனால் முதல் முறை ஸ்பீக்கரில், சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்து. பீட்டில்ஸையே இதுவரை கேட்காதவர்கள் இதில் ஆரம்பிக்க வேண்டாம், முதலில் ஸ்டூடியோ ஆல்பங்கள் இரண்டு மூன்று கேட்டு, பாட்டு மனதில் நின்ற பிறகு வாருங்கள். எந்த இடத்தில் கூட்டம் கத்தப்போகிறது என்று உங்களுக்கே முன்கூட்டித் தெரிய ஆரம்பிக்கும்.