பழைய லேத்தின் நார்ட்டன் பாக்ஸ்: ரிப்பேருக்குப் பிறகு எழுதுவது

லேத்தில் மரை, அதாவது திருகுப் புரி, வெட்டும்போது அதன் இடைவெளியை லீவரால் மாற்றிக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் நார்ட்டன் பாக்ஸ். அதன் லீவர் துளைகளுக்கு புஷ் (உள் வளையம்) அடித்து, நடுப் பல்சக்கரத்தையும் மாற்றி, இந்த வாரம்தான் லேத் மறுபடியும் ஓடுகிறது. தக்கலையில் இருந்து நண்பன் கூப்பிட்டு, "மக்கா, உன்கிட்ட இருக்கிற மாதிரியே பழைய லேத் ஒண்ணு விலைக்கு வருது, எடுக்கட்டா?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

படிப்படியான பெல்ட் சக்கரமான கோன் புல்லி, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பேக் கியர் இரண்டிலும் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நாலு படி புல்லியில் நேராக நாலு வேகம், பேக் கியர் போட்டால் இன்னொரு நாலு. மான்செஸ்டரில் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 1817 வாக்கில் செய்த லேத்திலேயே பேக் கியர் உண்டு. குலசேகரம் பக்கத்தில் இருந்து வரும் ரப்பர் ஷீட் மெஷின் ரோலரை அந்த இருநூறு வருடப் பழைய ஏற்பாடு இன்றைக்கும் திணறாமல் சுற்றுகிறது.

நார்ட்டன் பாக்ஸ் விஷயம் வேறு. முன்பெல்லாம் மரை மாறும்போது பக்கவாட்டில் உள்ள சக்கரங்களைக் கழற்றி வேறு சக்கரங்கள் மாட்ட வேண்டும். அமெரிக்காவில் வெண்டல் நார்ட்டன் 1892இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அந்த வேலையை ஒழித்தது. ஒரு தண்டில் சிறிதில் இருந்து பெரிதுவரை சக்கரங்கள் வரிசையாக நிற்கும். இன்னொரு தண்டில் ஒரே சக்கரம், தண்டோடு சேர்ந்து சுற்ற வைக்கும் சாவித் துண்டோடு இடமும் வலமும் நகரும். அதைப் பிடித்திருக்கும் லீவரிலேயே நடுச் சக்கரமும் இருக்கிறது. லீவரைத் தள்ளி, தூக்கி, பின்னைத் துளையில் விட்டால் இஞ்சுக்கு 8 மரையில் இருந்து 10 மரைக்குப் போய்விடலாம். இதை யோசித்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் அந்தப் பின் இருக்கிறதே! சக்கரங்கள் கடித்துக்கொண்டு நிற்பது அந்த ஒற்றைப் பின்னை நம்பித்தான். துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டால், கனமான மரை வெட்டும்போது பின் நழுவி லீவர் இறங்கிவிடும். வெட்டும் டூலை நகர்த்துகிற லீட் ஸ்க்ரூ நின்றுவிடும், ஜாப், அதாவது கடைகிற பொருள், மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். டூல் ஒரே இடத்தில் நின்று மரையின் குறுக்கே வளையமாகப் பள்ளம் போட்டுவிடும். குளச்சல் போட் ஷாஃப்ட் ஒன்று அப்படித்தான் போனது. ப்ரொப்பெல்லர் நட் ஏறுகிற மரை அது. அதைத் தேய்த்துச் சரிக்கட்டிக் கடலுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். பளு வந்தால் வளையாமல் நிற்கும் விறைப்பு லீவருக்கு அவ்வளவாக இல்லை என்பது மெஷின் டூல் படித்த எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் இந்த ஏற்பாட்டை டூல் நகரும் ஃபீடுக்கும் மரைக்கும் வைத்தார்களே தவிர, ஜாபைச் சுற்றுகிற ஸ்பிண்டில் வேகத்துக்கு வைக்கவில்லை. லீவர் நகர பாக்ஸின் முன்னால் நீளமாகத் திறப்பு விட்டாக வேண்டும். அது வழியாகப் பிசிறும் தூசியும் உள்ளே போகும். நம் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது, சக்கரங்கள் சும்மா நிற்கும்போதே துருப்பிடிக்கின்றன. பின்னால் வந்த மூடிய பாக்ஸ்களில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

அப்புறம் மில்லிமீட்டர் மரை. இஞ்சுக்கு 4 மரை உள்ள லீட் ஸ்க்ரூவில் 2 மி.மீ. மரை வேண்டுமானால் மொத்த விகிதம் 40க்கு 127 வர வேண்டும். அதற்குப் பழையபடி பக்கவாட்டில் 127 பல் சக்கரம் மாட்ட ஸ்பேனர் பிடிக்கத்தான் வேண்டும். டூலை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட்டைத் திறக்காமல் மோட்டாரைத் திருப்பித் திருப்பி ஓட்டுவது தனி வேலை.

நார்ட்டனை இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், எடுக்காதே மக்கா. போட் வேலை வருகிற இடத்தில் மூடிய பாக்ஸ் உள்ளதாகப் பார். எடுத்தே தீருவேன் என்றால், ஒவ்வொரு துளையிலும் பின்னை விட்டு லீவரைக் கையால் ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் புஷ் அடிக்கிற செலவை விலையில் கழிக்கச் சொல். 127 பல் சக்கரம் கூட வருகிறதா என்றும் மறக்காமல் கேள், கேட்டியா.