மானுடவியலா, எம்.எஸ்.டபிள்யூ.வா?

கோத்தகிரி பக்கம் டிகிரி முடித்துவிட்டு மக்களோடு வேலை செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் கடைசியில் மனித சமூகங்களையும் அவர்களின் வழக்கங்களையும் படிக்கும் மானுடவியல் எம்.ஏ.வா, சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ.வா என்று இந்த இரண்டில் வந்து நிற்கிறார்கள். இரண்டும் இரண்டு வருடப் படிப்பு. இரண்டிலும் ஊருக்குள் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும். நான் மானுடவியல் படித்தவள். அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படிப்பு முடிந்த கையோடு வீட்டுக்குச் சம்பளம் வந்தாக வேண்டுமா? யோசிக்காமல் எம்.எஸ்.டபிள்யூ. எடுங்கள். தொண்டு நிறுவனம், மருத்துவமனை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று அந்தப் பட்டத்தையே பெயர் சொல்லிக் கேட்கும் இடங்கள் உண்டு. படிக்கக் கோவை வரை இறங்கினால் போதும். மானுடவியலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் அல்லது புதுச்சேரி என்று போக வேண்டியிருக்கும். எனக்கு முதல் வேலை கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அதுவரை அம்மாவின் தேயிலைக் கூலியில்தான் சாப்பிட்டேன்.

வேலைக்குள் போன பிறகுதான் வித்தியாசம் தெரியும். காட்டில் பரம்பரையாக வாழ்பவர்களின் உரிமையை அங்கீகரிக்கும் 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் மனு தயாரிக்க, குறும்பர் பழங்குடியினரின் ஊர் ஒன்றுக்குப் போனோம். கூட வந்த தோழி எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். யாரைப் பார்க்க வேண்டும், கிராம சபையை எப்படிக் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் இல்லாமல் மனு நகர்ந்தே இருக்காது. அவள் படிவத்தில் அந்த வீட்டுக்கு ஐந்து பேர். நான் திண்ணையில் பாட்டியோடு உட்கார்ந்து, ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம் என்று வம்சாவளி வரைந்தேன். நான்கு தலைமுறை, முப்பத்தொரு பெயர். யார் யாரை எங்கே புதைத்தார்கள் என்பதையும் பாட்டி சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு இடங்கள் காட்டுக்குள்.

அந்தச் சட்டத்தின் 13ஆம் விதியில் இடுகாடு சான்று. பெரியவர்கள் சொல்லி எழுதிய வாக்குமூலம் சான்று. பழைய நில ஆவணத்தில் உள்ளவர் வரை போகும் வம்சாவளியும் சான்று. பெயர்பெற்ற நிறுவனங்களின் ஆய்வும் சான்று, அதற்கு உதாரணமாக மத்திய அரசின் இந்திய மானுடவியல் ஆய்வகத்தின் பெயரே அதில் இருக்கிறது. இந்த வம்சாவளி முறையை வகுத்த ஆங்கிலேய மானுடவியலாளர் ரிவர்ஸ் 1901இல் நம் நீலகிரிக்கு வந்து தோடர் பழங்குடியினரிடம் அதைப் பயன்படுத்தினார். அன்று வெளியூர்க்காரர் எழுதிக்கொண்டு போனார். இன்று நம் பிள்ளைகளே எழுத வேண்டும், அதிலும் ஆதிவாசிப் பிள்ளைகள் எழுத வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

அரசு வேலை என்றால், அந்த ஆய்வகத்தின் கிளை மைசூரில் இருக்கிறது. கூடலூர் வழியாகப் போய்விடலாம். ஊட்டி பக்கம் எம்.பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. இரண்டிலும் இடங்கள் குறைவு. பேராசிரியர் ஆக இரண்டு பாடத்துக்கும் நெட் தேர்வு உண்டு. ஐ.ஏ.எஸ். விருப்பப் பாடப் பட்டியலில் மானுடவியல் இருக்கிறது, 500 மதிப்பெண், சமூகப்பணி இல்லை. ஆனால் அதை எடுக்க எம்.ஏ. தேவையில்லை. அதற்காக மட்டும் இரண்டு வருடம் செலவழிக்காதீர்கள்.

வீடு ஒன்றிரண்டு வருடம் பொறுக்கும் என்றால் மானுடவியல் என்பேன். விண்ணப்பிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாட்டியிடம் உட்கார்ந்து வம்சாவளி வரைந்து பாருங்கள். மூன்றாவது தலைமுறையிலேயே எழுந்துபோய் யாருக்காவது ரேஷன் கார்டு வாங்கிக் கொடுக்கலாம் என்று கை பரபரத்தால், உங்களுக்கு எம்.எஸ்.டபிள்யூ. தான்.