547ஆ, 3904ஆ, எஸ்எல் 100ஆ? மைக் ப்ரீஆம்புக்கு எது, எந்த பயாஸில்?

கோவை காந்திபுரத்தில் எலெக்ட்ரானிக் பார்ட்ஸ் கடை கவுண்டர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும். பாலிடெக்னிக் பையன் பிசி 547 கேட்பான். நெட்டில் சர்க்யூட் பார்த்து வந்தவர் 2என்3904 இருக்கா என்பார். ஓரமாக நிற்கும் பழைய மெக்கானிக், "என்ன இருந்தாலும் எஸ்எல் 100 மாதிரி வராதுங்க" என்று முடித்துவிடுவார். மூன்றும் டிரான்சிஸ்டர்கள், மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்புக்குத்தான் கேட்கிறார்கள். மூன்று பேருமே நம்பரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பயாஸை, அதாவது சிக்னல் இல்லாதபோதும் டிரான்சிஸ்டர் எவ்வளவு திறந்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் ரெசிஸ்டர் ஏற்பாட்டை, எப்படிப் போடப் போகிறோம் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நானும் கேட்காமல் ஒருமுறை பட்டிருக்கிறேன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் மைக் செட் வைத்திருக்கும் ஒருவருக்கு மார்கழி மாதத்தில் ஒரு டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப் கட்டிக் கொடுத்தேன். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்: பேஸுக்குள் போகும் சின்னக் கரண்ட், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் போகும் பெரிய கரண்ட்டை ஆளும். பிசி 547 ஒன்று, 9 வோல்ட் அடாப்டர், கலெக்டருக்கு 4.7 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், சப்ளையிலிருந்து நேராக பேஸுக்கு 2.2 மெக் (மெகா ஓம்). இதைத்தான் ஃபிக்ஸட் பயாஸ் என்பார்கள். கலெக்டரில் மீட்டர் வைத்தபோது 2 வோல்ட் காட்டியது. சிக்னல் மேலும் கீழும் சமமாக ஆட, பாதி சப்ளை, அதாவது 4.5 அருகில் இருந்திருக்க வேண்டும். "பாடுதில்ல, விடு" என்று மூடிவிட்டேன். விடிகாலைப் பனியில் திருப்பாவை ஊரெல்லாம் சுத்தமாகக் கேட்டது. பங்குனியில் மாரியம்மன் நோம்பி வந்தது. தகர ஷெட்டுக்குள் ஆம்ப்ளிஃபையர், வெளியே உச்சி வெயில். போன் வந்தது: "ஏனுங் தம்பி, ராத்திரியில நல்லாப் பேசுது, வெயில் ஏறுனா கரகரங்குது. என்னன்னு வந்து பாருங்க." போய் மீட்டர் வைத்தால் கலெக்டரில் 0.6 வோல்ட். டிரான்சிஸ்டர் கிட்டத்தட்ட முழுக்கத் திறந்துகிடக்கிறது. சிக்னல் கீழே இறங்க இடமே இல்லை.

கணக்கு எளிது. 2.2 மெக் வழியாக பேஸுக்குப் போவது சுமார் 3.8 மைக்ரோ ஆம்பியர். அதை பீட்டாவால், அதாவது டிரான்சிஸ்டர் பேஸ் கரண்ட்டை எத்தனை மடங்காக்கும் என்ற எண்ணால், பெருக்கினால் கலெக்டர் கரண்ட். பீட்டா 300 என்றால் கலெக்டர் 3.6 வோல்ட்டில் நிற்கும், 200 என்றால் 5.4, 450 என்றால் 1 வோல்ட்டுக்கும் கீழே. பிசி 547இன் பீட்டா 110 முதல் 800 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். நம்பரின் கடைசி எழுத்து ஏ என்றால் 110 முதல் 220, பி என்றால் 200 முதல் 450, சி என்றால் 420 முதல் 800. கடையில் ஒரே கவரிலிருந்து எடுத்த இரண்டுகூட ஒன்றுபோல இருக்காது. அதற்கு மேல், ஒரு டிகிரி சூடு ஏறினால் பீட்டா அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை கூடும். மார்கழி விடிகாலைக்கும் பங்குனி மத்தியானத் தகர ஷெட்டுக்கும் 25 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் மிச்சத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம். லேபில் பாடம் நடத்த ஃபிக்ஸட் பயாஸ் சரி. காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுக்கும் வேலைக்கு வேண்டாம்.

அடுத்தது கலெக்டர் ஃபீட்பேக். பேஸ் ரெசிஸ்டரின் மேல் முனையைச் சப்ளையிலிருந்து எடுத்து கலெக்டரில் வைக்கிறோம். மதிப்பு 1 மெக். கரண்ட் கூடினால் கலெக்டர் வோல்ட் இறங்கும், அதோடு பேஸுக்கு வருவதும் குறையும். தன்னைத் தானே பிரேக் பிடித்துக்கொள்ளும். இப்போது பீட்டா 200க்கு கலெக்டர் 4.9, 300க்கு 4.1, 450க்கு 3.3 வோல்ட். 800 உள்ள சி ரகமே மாட்டினாலும் 2.4க்குக் கீழே போகாது. ஒரு ரெசிஸ்டரின் காலை இடம் மாற்றியதற்கு இது பெரிய லாபம். இன்னொன்று, இதே மதிப்புகளை மாற்றாமல் 3 வோல்ட்டில், இரண்டு பென்சில் செல்லில் போட்டாலும் பீட்டா 300க்கு கலெக்டர் 1.6 வோல்ட்டில் உட்காரும். எலெக்ட்ரெட் மைக் வைத்த சின்னச் சின்ன சர்க்யூட்களில் இதையே அடிக்கடி பார்ப்பது அதனால்தான். குறை என்னவென்றால் இன்புட் இம்பிடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்குத் தெரியும் எதிர்ப்பு, சுருங்கிவிடும். அந்த 1 மெக், கெயினால் (சிக்னல் எத்தனை மடங்கு பெருகுகிறது என்ற எண்ணால்) வகுபட்டு, சிக்னலுக்கு ஆறு கே போலத்தான் தெரியும். எலெக்ட்ரெட்டுக்கும் 600 ஓம் டைனமிக் மைக்குக்கும் பிரச்சினை இல்லை. நாதஸ்வரத்திலோ கிதாரிலோ ஒட்டும், அதிக இம்பிடன்ஸ் கேட்கும் பீசோ பிக்கப்புக்குச் சுத்தமாக ஆகாது.

மூன்றாவது டிவைடர் பயாஸ். சப்ளையைப் பங்கு போட்டு பேஸுக்குக் கொடுக்க மேலே 47 கே, கீழே கிரவுண்டுக்கு 10 கே, எமிட்டரில் 1 கே, கலெக்டரில் அதே 4.7 கே. பேஸ் 1.5 வோல்ட் அருகில் நிற்கும், அதில் 0.65 கழிந்து மீதி எமிட்டரில். கரண்ட்டை முடிவு செய்வது அந்த 1 கே, பீட்டா அல்ல. பீட்டா 200க்கு கலெக்டர் 4.8 வோல்ட், 450க்கு 4.7. பத்தில் ஒரு வோல்ட்தான் வித்தியாசம். சூட்டில் பேஸ்-எமிட்டர் வோல்ட் டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் குறையும், 25 டிகிரிக்கு 50 மில்லி வோல்ட். அதனால் கலெக்டர் கால் வோல்ட் நகரும், அவ்வளவுதான். 3 வோல்ட்டில் இது எடுபடாது, எமிட்டருக்கே ஒரு வோல்ட் தின்றுவிடும். 9, 12 வோல்ட்டுக்கு இதை விட்டு வேறு தேடுவதில்லை.

ஆனால் எமிட்டர் ரெசிஸ்டரை அப்படியே விட்டால் கெயின் ஐந்துகூட வராது. அதன் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போட்டால் 160ஐத் தாண்டும், கூடவே பீட்டாவைப் போல கெயினும் சூட்டுக்கு ஆடும், சத்தம் கூடினால் டிஸ்டார்ஷனும் வரும். நான் நடுவில் நிற்கிறேன். 1 கேயை 100 ஓம், 910 ஓம் என்று பிரித்து, கீழே உள்ள 910க்கு மட்டும் கெபாசிட்டர். கெயின் 35க்கு மேல் வருகிறது. மைக்கை வாயோடு ஒட்டிப் பேசும் ஊர்ப் பெரியவர்களுக்கு இதுவே தாராளம்.

சரி, இப்போது நம்பருக்கு வரலாம். டிவைடர் போட்ட பிறகு 547க்கும் 3904க்கும் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. 547 தாங்குவது 45 வோல்ட், 100 மில்லி ஆம்பியர். 3904 தாங்குவது 40 வோல்ட், 200 மில்லி ஆம்பியர். நாம் ஓட்டுவதோ 1 மில்லி ஆம்பியர். கவனிக்க வேண்டியது கால் வரிசை. தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்து, கால் கீழே இருக்கப் பார்த்தால் 547க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 3904க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்குப் பதில் மற்றதைத் திருப்பாமல் மாட்டினால் செத்துப் போவதில்லை, முனகும். அந்த முனகலில்தான் ஒரு நாள் பாழாகும். மைக்கில் இரைச்சல் கூடாது என்றால் பிசி 549சி வாங்கலாம். 30 வோல்ட்தான் தாங்கும், 9 வோல்ட்டுக்கு அது போதும். கால் வரிசையும் 547 போலத்தான்.

எஸ்எல் 100 வேறு சாதி. உலோகத் தொப்பி, அரை ஆம்பியர் தாங்கும், விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுக்குப் பக்கத்துக் கால் எமிட்டர். லேபில் பழகியவர்களுக்கு அதன் மேல் பாசம் இருப்பது நியாயம்தான், கையில் பிடித்தாலே கனமாக இருக்கும். ப்ரீஆம்புக்கு அது யானைக்குக் கட்டும் சங்கிலியில் ஆட்டைக் கட்டுவது போல. சின்ன டிரைவர் ஸ்டேஜுக்கு (அடுத்துள்ள பெரிய டிரான்சிஸ்டர்களைத் தள்ளும் பகுதிக்கு) நல்லது, ஆனால் தொப்பியே கலெக்டர் என்பதை மறந்து சேஸிஸில் (பெட்டியின் உலோக உடலில்) படவிட்டால் போச்சு. அந்த வேலைக்கு நான் இப்போது பிடி 139 போடுகிறேன். 1.5 ஆம்பியர் தாங்கும், ஓட்டை இருப்பதால் ஹீட்சிங்க்கில் திருகிவிடலாம்.

கோபிக்காரரின் பெட்டியில் பழைய 547ஐக்கூட மாற்றவில்லை. 2.2 மெக்கைக் கழற்றிவிட்டு டிவைடரையும் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் வைத்தேன். ராத்திரி அளந்தபோது கலெக்டரில் 4.8 வோல்ட். மறுநாள் மத்தியானம் அதே தகர ஷெட்டுக்குள் மறுபடி மீட்டர் வைத்தேன், 4.6.