பழைய மேக்கை அப்கிரேட் செய்யக் கொடுத்து 8,500 ரூபாய் இழந்தேன்: எச்சரிக்கை

பழைய கணினிகளை வாங்கி விற்பதோடு பழுதும் பார்க்கும் ஒரு கடையில் 8,500 ரூபாயைக் கொடுத்து ஏமாந்த கோபம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். இதே கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது 2002-இல் வெளிவந்த ஆப்பிளின் பவர் மேக் ஜி4 கணினி, 1.25 கிகாஹெர்ட்ஸ் இரட்டைச் செயலி கொண்டது. டைகர் எனப்படும் 10.4 இயங்குதளத்தில் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டைம் மெஷின் மூலம் தானாகவே பேக்கப் எடுக்கலாம் என்ற ஆசையில்தான், 2007-இல் வந்த லெப்பர்டுக்கு, அதாவது 10.5-க்கு, மாற நினைத்தேன். அப்படியே ரேமையும் 2 ஜிபி ஆக்கிவிடலாம் என்றார் கடைக்காரர். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, நான்கு ரேம்களையும் என் கண் முன்னாலேயே பொருத்தி, திரையில் 2 ஜிபி என்று காட்டிவிட்டு, "இனி அஞ்சு வருஷத்துக்கு இதைத் திறக்கவே வேண்டாம் சார்" என்றார். அந்தப் பேச்சில் மயங்கி, பில்கூடக் கேட்காமல் 8,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அன்று இரவே, ஸ்கேன் செய்த பெரிய படம் ஒன்றைத் திறந்தபோது, திரையின் மேலிருந்து சாம்பல் நிறப் படலம் ஒன்று மெல்ல இறங்கியது. கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்குமாறு நான்கு மொழிகளில் ஓர் அறிவிப்பு அதன்மேல் வந்து நின்றது. கெர்னல் பேனிக் என்பது இதுதான்: இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல், மீள முடியாத பிழையில் சிக்கி மொத்தமாக நின்றுவிடுவது.

மறுநாள் கடைக்கு அழைத்தால், புது ஓஎஸ், இரண்டு நாளில் செட்டாகிவிடும் என்றார்கள். மீண்டும் அழைத்தால், நீங்களே ஒருமுறை ரீஇன்ஸ்டால் செய்யுங்கள் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிற்று, பேனிக் போகவில்லை. மூன்றாவது முறை, "இவ்வளவு பழைய மெஷினை வெச்சுக்கிட்டு எங்களைக் குறை சொன்னா எப்படி சார்?" என்று கேட்டார்கள். 8,500 ரூபாய் வாங்கும்போது அதன் வயது தெரியவில்லையா?

ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு சேஃப் பூட்டில் தொடங்கினேன். தேவைக்கு மேற்பட்ட கெர்னல் நீட்சிகள் (கெர்னலோடு சேர்ந்து ஓடும் துணை மென்பொருள்கள்) எதுவும் ஏறாத அந்த நிலையிலும் பேனிக் வந்ததால், சந்தேகம் வன்பொருள் மீது திரும்பியது. கதவைத் திறந்து ரேம்களைக் கழற்றிப் பார்த்தேன். இந்தக் கணினிக்கு வேண்டியது பிசி2700 என்ற வேக வகை ரேம். நான்கில் இரண்டின் ஸ்டிக்கரிலேயே அதைவிட வேகம் குறைந்த பிசி2100 என்று அச்சிட்டிருந்தது. அவ்விரண்டையும் எடுத்தபின் மூன்று நாட்களாக ஒரு பேனிக்கும் இல்லை. ஆனால் 2 ஜிபி இப்போது 1 ஜிபி. போதாக்குறைக்கு, பழைய மென்பொருள்களை ஓட்ட உதவும் கிளாசிக் வசதி லெப்பர்டில் கிடையாது என்பதால், மேக்கின் முந்தைய இயங்குதளமான ஓஎஸ் 9 காலத்து மென்பொருள்கள் இனி அதில் திறக்காது. அதையும் யாரும் சொல்லவில்லை.

விரிவாக எழுத இப்போது பொறுமையில்லை. இயங்குதளத்தையும் ரேமையும் ஒரே நாளில் மாற்ற விடாதீர்கள். பேனிக் வந்தால் எதனால் என்றே தெரியாது. ஸ்டிக்கரைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில் வாங்குங்கள். கழற்றிய பழைய ரேமைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது. இன்று காலையும் அழைத்தேன், எடுக்கவில்லை.